காதறுந்த கிடாயும் மூன்று நாள் அரிசியும்

தோசை மா புளித்துப் பொங்கும் மணம் எனக்கு ஆகாது. குளிர்காலத்தில் மனைவி மாச்சட்டியைப் பழைய கம்பளிச் சட்டையால் சுற்றி ஹீட்டருக்குப் பக்கத்தில் வைப்பாள். விடியும்போது அந்த மணம் வீடு முழுக்க எழுந்து நிற்கும். நான் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவேன்.

"தோசையெண்டால் ஆறு ஏழு போகுது. மாவை மணக்க மட்டும் ஏலாதோ?" என்று பின்னால் குரல் வரும்.

ஏலாது. அந்த மணத்துக்குள் ஒரு வயிறு திறந்து கிடக்கிறது. பனியில், ஓடைக்கரையில், உள்ளே இன்னும் சூடு ஆறாமல்.

நான் ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவன். பிறவியிலேயே அப்படி இல்லை. ஜெர்மன் நாட்டுக்கு வந்த புதிதில், அகதி விடுதியில் இருந்தபோது, மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கே அனுமதிக் கடிதம் வேண்டும். பக்கத்து ஊரில் ஒரு கலியாணத்துக்குப் போக அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் எழுதிப் போட்டேன். அவர்களுக்குப் பிள்ளை பிறந்த பிறகு பதில் வந்தது. எட்டு வருடம் அந்த விடுதிக் கட்டிலில் இருந்தேன். பிறகு விசா வந்தது. பீலெஃபெல்டில் குசினி அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் வேலை வந்தது, மனைவி வந்தாள், வீடு வந்தது. கால் மட்டும் வீட்டுக்கு வரவில்லை. சனிக்கிழமைகளில் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பேன். கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் முகட்டில் இடிப்பாள்.

காட்டுக்குள் என்னைக் கொண்டுபோனது பல் டொக்டர். யூரோக் காசு வந்த வருடம் அது. மனைவி பின்நேரங்களில் அவருடைய கிளினிக்கைத் துப்புரவாக்கப் போவாள். ஒருநாள் அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ள, வாளியைத் தூக்க நானும் கூடப் போனேன். உள்ளறை மேசையில் ஒரு சப்பாத்துப் பெட்டி. தூசு தட்டுவதற்காகத் திறந்தவள் "ஐயோ" என்றாள். பெட்டி நிறையத் தாடையெலும்புகள், பல்லோடு.

"என்னப்பா, பிழையாப் பல்லுப் பிடுங்கின ஆக்களோ?" என்று என் காதுக்குள் கேட்டாள்.

மான் தாடைகள். டொக்டர் சிரித்துக்கொண்டு வந்து ஒன்றைக் கையில் எடுத்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த பெண்மணி. கூரையேறும் தொழிலாளியைப் போலப் பெரிய கைகள். கொம்பைப் பார்த்து மானின் வயதைச் சொன்னால் அநேகமாகப் பிழைக்கும், கடைவாய்ப்பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால்தான் சரியாக வரும் என்றார். பிறகு என் தோள்களைப் பார்த்தார்.

"உங்களுக்கு மரம் தூக்க ஏலுமோ?"

அவர் ஜெர்மனில்தான் கேட்டார். எனக்குள் எல்லா ஜெர்மனும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வந்து விழும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இந்த நாட்டில் காட்டு மான் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு ஊரின் கமக்காரர்கள் கூடி, தங்கள் வயலிலும் காட்டிலும் வேட்டையாடும் உரிமையை ஒருவருக்கு ஒன்பது வருடக் குத்தகைக்கு விடுவார்கள். எடுத்தவர் சுடலாம். ஆனால் சுடுகிறவரே பேணவும் வேண்டும். அது குத்தகையோடு வரும் கடமை. நகரத்துக்கு வெளியே, மலைச்சரிவும் கோதுமை வயலும் ஒரு ஓடையும் உள்ள ஒரு துண்டு நிலம் பல் டொக்டரின் குத்தகை. முன்பு அது அவருடைய தகப்பனிடம் இருந்தது. அங்கே இருந்தவை ரே என்று இங்கே சொல்லும் சிறிய மான்கள். எங்கள் வெள்ளாட்டைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான்.

நான் தூக்கினேன். பரண் கட்டுவதற்கு மரம் தூக்கினேன், உப்புக்கல் தூக்கினேன். கம்பத்தின் உச்சியில் உப்புக்கல்லை வைத்தால் மழை அதைக் கரைத்துக் கீழே இறக்கும், மான் வந்து மரத்தை நக்கும். வயலோரம் ஒரு நீளத் துண்டைக் கொத்திப் புல்லுக்குப் பதிலாக மூவிலைப் பூண்டும் கோவாக் கீரையும் விதைத்தோம், நமக்கல்ல, அதுகளுக்கு. முட்பற்றைகளை ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் விட்டோம், குட்டி ஒளிக்க இடம் வேண்டுமென்று. மே மாதத்தில் கமக்காரர்கள் புல் வெட்டும் மிஷினை இறக்குவதற்கு முதல்நாள், தடிகளை ஊன்றிப் பிளாஸ்டிக் பைகளைக் கட்டிவிடுவோம். பை காற்றில் சரசரக்கத் தாய்மான் பயந்து குட்டியை வெளியே கூட்டிப்போகும். பைகளெல்லாம் டோர்ட்மண்டில் என் மச்சான் வைத்திருக்கும் தமிழ்க்கடையினுடையவை. மனைவியின் தம்பி. ஜெர்மன் புல்வெளியில் அவன் கடைப்பெயர் முப்பது தடிகளில் பறந்தது.

"அத்தான், விளம்பரத்துக்குக் காசு கேக்காதேங்கோ. வாடிக்கையெல்லாம் நாலுகால்," என்றான் அவன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குள் கல்லாக உருண்டுகொண்டிருந்தது. பேணுவதற்குள் கழித்தலும் அடக்கம். மெலிந்த குட்டி, வளர்த்தி குறைந்த ஒரு வயது ஆண்மான், இவற்றைத்தான் அவர் முதலில் சுடுவார். தீன் குறைவான இடத்தில் எல்லாம் நின்றால் எல்லாம் சிறுத்துப் போகும் என்பார்.

"நல்லது நிக்கவேணும். நிண்டு முதிரவேணும். முதிர்ந்த பிறகுதான் அதைச் சுடுறது."

"வளர்க்கிறதே சுடவோ?"

"இல்லை. சுடுறதே வளர்க்க," என்றார்.

நான் பரணிலிருந்து இறங்கிக் கீழே நடந்தேன். அகதி விடுதியின் ஆறாம் இலக்க அறையில் எலும்பும் தோலுமாகக் கிடந்த என்னை அவர் பார்த்திருந்தால் முதல் வருடமே கழித்திருப்பார் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே அடுத்த சனிக்கிழமையும் போனேன். கால் அங்கேதான் ஆறியது.

அவர் சுடும் நாளில் ஒரு முறை உண்டு. விழுந்த மானின் வாயில் ஒரு சின்னப் பச்சைக் கிளையை, சுட்டவர் தன் கையாலேயே வைக்கவேண்டும். கடைசிக் கடி என்று அதற்குப் பெயர். முதல்தடவை பார்த்தபோது நானும் பக்கத்தில் குந்தினேன்.

"எங்கட ஆக்கள் செத்தவைக்கு வாயில அரிசி போடுவினம்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆர் போடுறது? கொன்றவரோ?"

"சொந்தக்காரர்."

"அது வேறை," என்றார்.

பரணில் இருக்கும்போது டொபி தருவார். ஒருநாள் அதை மெல்லும்போது நான் கன்னத்தைப் பொத்தியதைக் கண்டுவிட்டார். "வாயைத் திறவுங்கோ." துவக்கைச் சாத்தி வைத்துவிட்டு, டோர்ச்சை என் வாய்க்குள் அடித்தார். அந்த நேரம் பார்த்து கீழே இரண்டு மான் வந்து நின்று எங்களைப் பார்த்தன. "கீழ்க் கடைவாய்ப் பல்லு ரெண்டு. தேஞ்சு போச்சு. மானெண்டால் உங்களை இந்த வருஷம் சுடுறதுக்கு எழுதியிருப்பன்," என்றார். கிளினிக்குக்கு வர நாளும் நேரமும் குறித்து டெர்மின் தந்தார். நான் போகவில்லை. அடுத்த டெர்மின் தந்தார். அதற்கும் போகவில்லை. கதிரையில் மல்லாக்கப் படுத்து அசையாமல் இருக்க என்னால் ஏலாது.

இனிக் கிடாய். ஆண் ரேயை இங்கே ஆட்டுக்கடாவுக்குச் சொல்லும் அதே சொல்லால்தான் அழைப்பார்கள். நானும் கிடாய் என்றே சொன்னேன். ஒரு வசந்தத்தில் எங்கிருந்தோ வந்து ஓடைப்பக்கத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. இடது காதில் நுனி இல்லை. தன் எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு செடியிலும் நெற்றியைத் தேய்த்துவிட்டுப் போகும், பொலிஸ் பதிவு செய்வதுபோல. மற்றக் கிடாய் வந்தால் குரைக்கும். ஆம், குரைக்கும், கிழட்டு நாய் மாதிரி. பல் டொக்டர் தூரக்கண்ணாடியைக் கீழே வைக்காமலே, "வயசு மூண்டு இருக்கும். இதை விடுவம்," என்றார்.

விட்டோம். முதல் வருடம் கொம்பு காதளவு. இரண்டாம் வருடம் காதைத் தாண்டியது. மூன்றாம் கோடையில், காலை வெயில் முதுகில் விழ அது மூவிலைப் பூண்டுக்குள் வந்து நின்றபோது, கரடுமுரடான அந்தக் கொம்பின் நுனிகள் மட்டும் தந்தம்போல் வெளுத்திருந்தன. நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை. நான் கொத்திய நிலம், நான் தூக்கிய உப்பு, அந்தக் கொம்பில் இருந்தது. என் வாழ்க்கையில் ஏதோ ஒன்று சொன்னபடி வளர்ந்ததை அன்றுதான் கண்டேன்.

"வாற கோடையில முதிர்ந்துவிடும். அப்ப அது என்ரை," என்றார் டொக்டர்.

அதன் பிறகு இரண்டு ஆசைகள் எனக்குள் ஒன்றையொன்று முட்டின. கொம்பு இன்னும் வளர வேண்டும். கோடை வரக்கூடாது.

உலகக் கிண்ணம் இங்கே நடக்கவிருந்த அந்த வருடத்தின் தொடக்கம். பனி முழங்கால் வரை நின்றது. ரே மானுக்கு இலையுதிர்காலத்தில் கொம்பு விழும். புதுக்கொம்பு நடுக்குளிரில்தான், மயிர்த்தோலைப் போர்த்துக்கொண்டு வளரும். தின்ன ஒன்றுமில்லாத மாதங்களில் கொம்பு வளர்கிறது என்பது என்னை நித்திரை கொள்ள விடவில்லை. தீன் போடுவோமா என்று கேட்டேன்.

"வேண்டாம்," என்றார். "இப்ப அதுகளின்ர இரைப்பை சுருங்கியிருக்கும். மொட்டும் முட்செடி இலையும் போதும். உங்கட வேலை ஒண்டே ஒண்டுதான். ஆறு கிழமைக்கு அங்கை போகாதேங்கோ. ஆள் போனால் ஓடும், ஓடினால் மெலியும். அமைதிதான் அதுக்குத் தீன்."

வீட்டில் சொன்னேன். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பசியெண்டு நிக்கிற சீவனுக்கு அமைதியைத் தின்னக் குடுக்கிறதாமோ? படிச்ச மனிசியின்ர கதையைப் பாருங்கோ."

"நீர் சும்மா இரும். அவவுக்குத் தெரியும்."

"உங்களுக்குத்தான் சும்மா இருக்க ஏலாது. எனக்கு ஏலும்."

இரண்டு சனிக்கிழமை வீட்டில் இருந்தேன். ஜன்னல், கதவு. கதவு, ஜன்னல். கீழ்வீட்டுக்காரி இடித்தாள். மூன்றாம் கிழமை மச்சான் வந்தான், காரில் ஒரு மூட்டை சிவப்புக் குத்தரிசியோடு. வண்டு பிடித்துவிட்டது, விற்க ஏலாது. "அக்கா, புடைச்சுக் கிடைச்சுச் சமையுங்கோ. இல்லாட்டி எறியுங்கோ," என்றான்.

"அரிசியை எறியுறதோ?" என்றாள் மனைவி. பிறகு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். யார் முதலில் சொன்னோம் என்று இன்றுவரை எங்களுக்குள் தீரவில்லை.

காட்டுப்பாதையின் இரும்புத்தடுப்புக்கு ஒரு சாவி என்னிடம் இருந்தது. காலைவேலை முடிந்து பின்நேரம் போனேன். உப்புக்கம்பத்தின் அடியில் பனியை விலக்கி, அரிசியைக் குவித்து, மேலே அப்பிள் தோல் போட்டேன். பொங்கல் கழிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மனம் அந்தப் பக்கமாக இருந்திருக்க வேண்டும், கைகூப்பவும் செய்தேன். அடுத்த நாள் போனேன். அப்பிள் தோலைக் காணவில்லை, அரிசியில் மூக்கு வைத்த குழி. இன்னும் போட்டேன். மூன்றாம் நாள் நிலம் துடைத்ததுபோல் இருந்தது. சுற்றிவரக் குளம்படிகள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன், தனியாக, மூக்கொழுக. மிச்சம் முழுவதையும் கொட்டினேன். கொஞ்சம் ஓடைக்கரையிலும் வைத்தேன். அன்றிரவு கீழ்வீட்டுக்காரி இடிக்கவில்லை. எனக்குக் கால் ஆறியிருந்தது.

இரண்டு நாள் கழித்து டொக்டர் தொலைபேசியில் அழைத்தார். நாயோடு நடந்த ஒருவர் கண்டு சொல்லியிருக்கிறார்.

"வாங்கோ. மண்வெட்டியும் கொண்டு வாங்கோ."

புதுப்பனி விழுந்திருந்தது. என் அடிகளையெல்லாம் மூடியிருந்தது. கிடாய் ஓடைக்கரையில், தண்ணீருக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. பின்கால்கள் அழுக்காயிருந்தன. வயிறு மேளம்போல் இறுகியிருந்தது. நான் குந்தியிருந்து அதன் கொம்பைத் தொட்டேன். மயிர்த்தோலுக்குள் வளர்ந்துகொண்டிருந்த கொம்பு, ஒரு விரல் நீளம், குழந்தையின் காதுபோல் மென்மையானது.

டொக்டர் கத்தியை எடுத்தார். இரைப்பையைத் திறந்தார்.

மணம் எழுந்தது. எங்கள் குசினி மணம். விடியற்காலை ஹீட்டரடி மணம்.

உள்ளே வெள்ளைக் கூழ். அதற்குள் அரைபட்டும் அரைபடாமலும் செம்மண்ணிறத் தானியம். கத்தி நுனியில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"கோதுமை," என்றார். "தானியம் தின்று பழக்கமில்லாத வயிறு. உள்ளை புளிச்சு, இரத்தமெல்லாம் புளிச்சுச் செத்திருக்கு. தண்ணி குடிக்க வந்திருக்கு, பாவம்." பிறகு குரல் மாறியது. "இது அந்தாள்தான்."

அந்தாள் என்றது ஓடைக்கு அப்பால் கோதுமை விதைக்கும் கமக்காரரை. தன் இளம்பயிரை மான் தின்கிறது என்று இரண்டு வருடமாகச் சண்டை. குத்தகை அந்த வசந்தத்தோடு முடிகிறது. புதுப்பிப்பதற்கு ஊர்க்கூட்டத்தில் அவருடைய கையும் உயரவேண்டும்.

"இப்பவே அவன்ர வீட்டை போறன். இந்த வயித்தை அவன்ர வாசல்ல வைக்கிறன்."

எழுந்துவிட்டார். கத்தியைப் பனியில் துடைத்தார். நான் பேசாவிட்டால் சனிக்கிழமை எனக்கு இருக்கும். பரண் இருக்கும், டொபி இருக்கும், இன்னொரு கிடாய் வரும். பேசினால் ஜன்னலும் கதவும். அவர் பத்தடி போய்விட்டார். அந்தக் கமக்காரர் மே மாதத்தில் ஒருமுறை மிஷினை நிறுத்தி இறங்கி, புல்லுக்குள் கிடந்த குட்டியொன்றைக் கை மணம் ஒட்டாமல் புல்லால் பிடித்துத் தூக்கி ஓரத்தில் வைத்ததை நான் கண்டிருக்கிறேன்.

"அது கோதுமை இல்லை," என்றேன்.

நின்றார்.

"அரிசி. எங்கட அரிசி, சிவப்பு. மூண்டு நாள் போட்டன்."

"நீங்களோ?"

"நான்தான்."

"நான் போகவேண்டாம் எண்டு சொன்னனான்."

"ஓம்."

"ஏன்?"

பசிக்கும் என்று நினைத்தேன் என்றேன். கொம்பு வளரவேண்டும் என்று நினைத்தேன் என்றேன். இரண்டும் உண்மை. வீட்டில் இருக்க முடியவில்லை என்பதைச் சொல்லவில்லை. அதுதான் பெரிய உண்மை.

அவர் திரும்பி வந்தார். கையுறையைக் கழற்றிவிட்டுக் கிடாயின் உதட்டை விலக்கி, தாடையைத் திறந்து, விரலால் கடைவாய்ப் பற்களைத் தடவினார். நெடுநேரம் தடவினார்.

"அஞ்சு," என்றார். "ஆறு எண்டு நினைச்சன். நான் பிழையாக் கணிச்சிட்டன். இன்னும் ரெண்டு வருஷம் வளர்ந்திருக்கும். இந்தக் கோடையில சுட்டிருந்தால் அதுவும் பிழைதான்."

அவர் தனக்குத்தானே சொன்னாரா, எனக்குச் சொன்னாரா, தெரியவில்லை. எழுந்துபோய் ஒரு ஊசியிலை மரத்தில் சின்னக் கிளையை ஒடித்தார். பனியைத் தட்டினார். அவரே வைப்பார் என்று விலகி நின்றேன். என்னிடம் நீட்டினார்.

"உங்கட ஆக்கள் அரிசி போடுவினம் எண்டனீங்கள். அது போட்டாச்சு. இப்ப இதை வையுங்கோ. கொன்றவர்தான் வைக்கிறது."

வைத்தேன். தாடை விறைத்திருந்தது. ஒருபக்கக் கடைவாயால் கிளையைக் கடித்துப் பிடித்ததுபோல் அது கிடந்தது.

பிறகு வேலை. நிலம் கல்லாக இறுகியிருந்தது, மண்வெட்டி துள்ளியது, மாறி மாறி வெட்டிக் குழிக்குள் கிடாயைத் தாட்டோம். அதன்பின் உப்புக்கம்பத்தடிக்குப் போனோம். மற்ற மான்கள் வருவதற்குள் மிச்ச அரிசியைப் பொறுக்கவேண்டும். பனியை விலக்க விலக்க, உறைந்த இலைகளுக்குள் சிவப்பாக ஒவ்வொன்றாய். நான் முழங்காலில், அவர் முழங்காலில். கல்லரிசி பொறுக்கும்போது எங்கள் வீட்டில் வானொலி பாடும். இங்கே ஒரு சத்தமும் இல்லை. அவர் சொன்ன அந்த அமைதி. அது எவ்வளவு தடிப்பானது என்று முதல்தடவையாக எனக்குத் தெரிந்தது. கால்கூட அசையக் கேட்கவில்லை.

பொறுக்கியதை டொக்டர் என் மச்சானின் கடைப் பையொன்றில் கட்டினார். பையை ஒருதரம் வாசித்துப் பார்க்க முயன்றார்.

தடுப்புக்கு வந்தோம். சாவியை வளையத்திலிருந்து கழற்ற விறைத்த விரல் வளையவில்லை. பல்லால் இழுக்கப்போய், குளிர் இரும்பு கடைவாயில் பட, கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். சாவியை நீட்டினேன். வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"மார்ச்சில உப்புக்கல்லு மாத்தவேணும்," என்றேன்.

"தெரியும்."

"பைகள் இன்னும் கொஞ்சம் வீட்டில கிடக்கு."

"தெரியும். வேறை ஆளைப் பார்க்கிறன்."

காரில் ஏறி எஞ்சினை இயக்கினார். நான் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் கண்ணாடியை இறக்கினார்.

"நோகுதோ?"

"இல்லை."

"நோகுது," என்றார். "காட்டுக்கு இனி வரவேண்டாம். பல்லுக்கு வாங்கோ, டெர்மின் அப்பிடியே கிடக்கு."